ஜூன் மாதத்து ஹீட்டர்

சுவர்க் காலண்டரில் ஜூன் ஒன்று தெரியும்படி தாளைக் கிழித்துவிட்டு, அரைத் தூக்கத்தில் குளிக்கப் போனேன். காலை எட்டு மணி. வெளியே கும்மிருட்டு. அண்டார்க்டிகாவில் பத்து நாளாகச் சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தைந்து பேர், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது ஒரே காரணத்துக்காக. அன்று பதினொரு மணிக்கு சாட்டிலைட் போனில் என் முறை. மாதம் ஒரு தடவை, ஐந்தே நிமிடம். வெளியிலிருந்து யாரும் இங்கே கூப்பிட முடியாது. வளைகுடாவில், அல் ஐனில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஜோதிமணிக்கு இது ஒன்பதாவது மாதம்.

பத்தரைக்குத் தண்ணீர் நின்றது. ஏரியிலிருந்து வரும் குழாய் உறைந்துவிட்டது. குளியலறை வாசலில் இருக்கும் ஹீட்டர் சுவிட்சை எவரோ அணைத்திருக்கிறார்கள். குழாயைச் சூடாக வைப்பதும் அதே சுவிட்ச்தான். விஞ்ஞானிகள், டாக்டர், ஜெனரேட்டர் மெக்கானிக்கான நான், எல்லோரும் சூடான காற்று ஊதும் மெஷினை இழுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பனியில் நின்றோம். என் முறை போயே போய்விட்டது.

சமையற்காரர் முகம்மது ரிபாய் மீது பாய்ந்தேன். வளைகுடாவில் ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பில் எட்டு வருடம் நாங்கள் ஒரே ரூம். அந்த வேலையை விட்டு ஒன்றாகத்தான் இங்கே வந்து மாட்டிக்கொண்டோம்.

“பாத்திரம் கழுவ வெந்நீருக்கு அந்த சுவிட்ச்கிட்ட போறவர் நீங்க. வேற யாரு அதுல கை வைப்பா? கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா பாய்?” எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“நான் தொடவே இல்ல தம்பி,” என்றார்.

சாயந்தரம் அவருடைய முறை. கீழக்கரைக்குப் பேச வேண்டிய ஐந்து நிமிடத்தை எனக்குக் கொடுத்தார். “நீ பேசு. எங்க வீட்டுல எல்லாரும் சொகமாத்தான் இருப்பாக.” எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன்.

“பொண்ணு பொறந்து மூணு நாளாச்சு,” என்றாள் ஜோதிமணி. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பின்னால் குழந்தை அழுதது.

“ஏன் அழறா?”

“குளிப்பாட்டணும். வெயில்ல மாடித் தொட்டித் தண்ணி கொதிக்குது. நீங்க கேம்ப்புல இருந்து லீவுக்கு இங்க வரும்போது ஜூன் பொறந்ததுமே ஹீட்டரை ஆஃப் பண்ணிருவீங்களே, ஹீட்டருக்குள்ள இருக்கிற தண்ணி ஆறட்டும், அதுல குளிக்கலாம்னு. அதே மாதிரி காலையில ஆஃப் பண்ணினேன். இன்னும் ஆறல.”

அப்போதுதான் உறைத்தது: காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தபோது சுவிட்சை அணைத்தது நான்தான். வளைகுடாவில் வருஷா வருஷம் ஜூனில் பழகிய கை, தூக்கத்திலேயே செய்துவிட்டது.

இரண்டு நிமிடம் மிச்சம் வைத்துப் பேச்சை முடித்தேன். வாசலில் நின்ற ரிபாயிடம் போனை நீட்டினேன். “அணைச்சது நான்தான் பாய். ரெண்டு நிமிஷம் இருக்கு, பேசுங்க.”

போனை வாங்கிக்கொண்டார். “எல்லாரும் சாப்பிட உக்காந்ததும் இதைச் சொல்லு,” என்றார்.