குறுக்கே பேசாத டாக்டர்

இதயக் குழாயில் அடைப்பே இல்லை என்று சொன்னதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஈசிஜியைப் பார்த்தால் மாரடைப்பு மாதிரி இருக்கிறது என்று கை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். “வாயுதான், நான் அப்பவே சொன்னேன்ல” என்று நாத்தனார் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நானும் கட்டிலடியில் அவர் செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடைப்பு இல்ல, சரி. ஆனா இதயத் தசை அடிபட்டிருக்குன்னு ரத்தப் பரிசோதனை சொல்லுது. ஏன்னு தெரியாம அனுப்ப மாட்டேன். போன ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்க?”

என் வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. கடைக் கண்ணாடியில் விழுந்த விரிசல், மீசையை எடுத்துவிட்டு அழுத ஒருத்தர், முகத்துக்கு நேரே தும்மிய காவலாளி என்று போய்க்கொண்டே இருந்தார். எனக்கு மானம் போயிற்று. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று இடித்தேன். டாக்டரம்மா கையை உயர்த்தி நிறுத்தியது அவரை அல்ல, என்னை. எனக்குச் சுருக்கென்றது.

“அப்புறம் மூணு நாள் காய்ச்சல்மா. மாத்திரை போட்டுக்கிட்டு கடையில நின்னேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்ல?”

“சொன்னா கடைக்கு விடுவியா நீ?”

கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “இவர் எப்பவும் இப்படித்தான் நடுநடுவுல நிறுத்தி மூச்சு வாங்கிப் பேசுவாரா?”

“நிறுத்துறதா, இவரா?” என்று சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே எனக்குத் தெரிந்திருக்கும்?

“காய்ச்சல் கொண்டுவந்த கிருமியால இதயத் தசை வீங்கியிருக்கலாம். அதோட வீட்டுக்குப் போனா துடிப்பு எப்ப வேணா தாறுமாறாகும். எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துடுவோம்.” நாத்தனார் பையைக் கீழே வைத்தாள்.

படம் தெளிவாக விழ மூச்சை நிறுத்திப் பிடிக்க வேண்டுமாம். மெஷின் ஓட்டுகிறவர் இரண்டு தடவை சொல்லியும் இவரால் முடியவில்லை. டாக்டரம்மாவே மைக்கை வாங்கினார். “அவசரமே இல்ல. முடிஞ்ச வரைக்கும் பிடிங்க. மிச்சத்த அடுத்த மூச்சுல எடுத்துக்கலாம்.” கொஞ்சம் கொஞ்சமாக, அவர் மூச்சுக்குத் தக்கபடி எடுத்தார்கள். இந்தப் பெண்ணைப் பெற்றவள் புண்ணியவதி என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் இதயம் தெரிந்தது. அதன் சுவரின் வெளி ஓரத்தில் தீற்றலாக ஒரு வெள்ளை. டாக்டரம்மா அதில் விரலை வைத்தார்.

“இதோ, வீக்கம்.”

“ஆறிடுமா?”

“நிறைய பேருக்கு ஆறிடுது. இவருக்கு எப்படின்னு பக்கத்துலயே வெச்சுப் பாக்கணும். இன்னிக்கு அனுப்ப மாட்டேன்.”

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மெஷினுக்கு வெளியே அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பேசினால் கூடவே ஆடும் கட்டைவிரல் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. உள்ளே யாரிடமோ பேச ஆரம்பித்திருந்தார்.