நாற்பதாயிரம் பேர் கேட்ட வாக்கியம்

என் தம்பி மகளுக்கு வயது இருபத்து நான்கு. அவள் கருத்துகளுக்குத் தொண்ணூறு. வரைபட அலுவலகத்தில் அவளோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் அவளைப் 'பாட்டியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். இவளும் "என்னடா பேராண்டி" என்று திரும்பிப் பார்ப்பாள். ஒன்றை இடிக்கும் முன் அதை ஏன் கட்டினார்கள் என்று கேள், குடும்பம் நின்றால்தான் ஊர் நிற்கும், சொன்ன சொல்லை மாற்றாதே. இப்படிப் பேசுகிற பெண் எங்கள் பழைய கட்சியில் சேராமல் வேறு எங்கே சேருவாள்?

சேர்ந்த ஆறாவது மாதமே கட்சி அலுவலக அலமாரிகளைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். அங்கே முப்பத்தெட்டு வருடம் நான்தான் சுருக்கெழுத்தாளன். தலைவர் தும்மினால் அதையும் குறித்துக்கொள்ளும் உத்தியோகம். நான் எழுதித் தள்ளிய கூட்டக் குறிப்புகளை அடுக்கினால் நிலாவுக்குப் போய்விடலாம். ஏதாவது மறந்துவிட்டால் திரும்பி வந்து எடுத்துக்கொண்டும் போகலாம். அலுவலகத்தில் எனக்குப் 'பத்து மடங்கு' என்று பெயர். நான் சொல்வதைப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டுமாம். பொறாமைக்காரர்கள்.

"பெரியப்பா, புதுத் தலைவர் வர்ற ஒவ்வொரு தடவையும் பழைய படத்தை ஒரு ஆணி தள்ளி மாட்டியிருக்காங்க. நம்ம முதல் தலைவர் இப்போ கழிவறைக் கதவுக்கு மேல தொங்கறார்."

"காத்தோட்டமான இடம்மா."

"சிரிக்காதீங்க. எதைக் காப்பாத்தணும்னு கட்சியை ஆரம்பிச்சாங்களோ அதை ஒண்ணொண்ணா இவங்களே கழட்டிப் போடறாங்க. எதிர்க்கட்சிக்காரன் செஞ்சா சண்டை போடலாம். நம்ம ஆளே செஞ்சா எங்க போய் முட்டிக்கிறது?"

அந்த வாரம் கட்சி கழற்ற நினைத்தது ஞாயிறு விடுமுறையை. கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்க வேண்டும் என்று நாங்களே கொண்டுவந்த சட்டத்தை, வளர்ச்சிக்குத் தடை என்று நாங்களே எடுக்கப்போகிறோம். பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. மற்றவர்களுக்கு அது ஒரு தீர்மானம். இவளுக்கு அது அம்மாவின் கால். என் தம்பி செருப்புக் கடையில் நின்றே ஆயுளைக் கழித்து, இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் நின்ற இடத்தில் இப்போது அவன் மனைவி நிற்கிறாள். ஆறு நாளில் வீங்கிய கால் ஏழாம் நாளில்தான் வடியும்.

இவள் கையில் ஒரே ஆயுதம்தான் இருந்தது. கட்சியின் முதல் மாநாட்டில் தலைவர் தன் பேச்சை முடித்த வாக்கியம்: "வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கட்டும்." தம்பி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தான். அதைத் துடைக்காமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரமாட்டான். இவள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியமே அதுதான்.

அதைத் தலைவர் சொல்லவில்லை.

அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாதியில் தண்ணீர் கேட்டார், குடித்தார், இறங்கிப் போய்விட்டார். பேச்சு மொட்டையாக நின்றது. அப்போது தம்பிக்குப் பத்தொன்பது வயது. வாரம் ஏழு நாளும் கடை. இரவு நான் குறிப்பை விரித்து எழுதும்போது அவன் நினைப்பு வந்தது. ஒரு வரி சேர்த்தேன். அச்சில் பார்த்த தலைவர் கண் கலங்கி, "நல்லாத்தான் முடிச்சிருக்கேன், இல்ல?" என்று என்னிடமே கேட்டார். ஆட்சிக்கு வந்ததும் சட்டமாக்கினார். என் வாழ்நாளில் நான் அளந்த அளப்புகளில் சோறு போட்டது அது ஒன்றுதான்.

பொதுக்குழுவில் இவள் அந்த வாக்கியத்தைப் படித்து முடித்ததும் செயலாளர் எழுந்தார். இளைஞர், தேன் ஒழுகும் குரல். "அன்னைக்கு வந்த பத்திரிகை எதுலயும் இந்த வரி இல்லையேம்மா?"

"எழுதினவரே இங்க இருக்கார். கேளுங்க," என்று என்னைக் கை காட்டினாள். வரும் வழியிலேயே கெஞ்சியிருந்தாள்: "கூட்டாம குறைக்காம சொல்லுங்க பெரியப்பா." ஒரு சொல் கூட்டமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

"ஐயா, தலைவர் இதைச் சொன்னாரா?"

"சொன்னார்."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"அவர் மூச்சு என் மேல பட்டுச்சு."

"கூட்டம் எப்படிங்க ஐயா அன்னைக்கு?"

பாவி நாக்கு. நாற்பது வருடப் பழக்கம். "கூட்டமா? நாற்பதாயிரம் பேர்! எள்ளு போட இடமில்ல!"

செயலாளர் புன்னகைத்தார். "இதே மண்டபம்தானே ஐயா? நானூறு நாற்காலி."

பின்வரிசையில் யாரோ, "பத்தால வகுத்தாலும் இடிக்குதே!" என்றான். மண்டபம் கொல்லென்று சிரித்தது. இவள் கையிலிருந்த பழைய பேச்சுத் தொகுதியை மூடுவதைப் பார்த்தேன். தீர்மானம் சிரிப்போடு சிரிப்பாக நிறைவேறியது.

பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கேட்டாள். "அந்த வரி உங்களோடதா?"

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

இரண்டு நிறுத்தம் கடந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல பெரியப்பா. தலைவர் சொன்னார், தலைவர் சொன்னார்னு கத்தியிருக்க மாட்டேன். எங்கம்மாவுக்குக் கால் வலிக்குதுன்னு சொல்லியிருப்பேன். அதுக்கு யாரும் பத்திரிகையைக் காட்டியிருக்க முடியாது."

 

அடுத்த மாதமே சட்டம் நீங்கியது. முதல் ஞாயிறு, தம்பி மனைவி கடைச் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பழக்கத்தில் மேசையில் மூன்று தட்டு வைத்த இவள், ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தாள். சாயங்காலம் அம்மா வந்து நாற்காலியில் சாய்ந்தபோது, வெந்நீர் வாளியைக் காலடியில் நகர்த்தினாள்.

"எத்தனை பேர்மா வந்தாங்க?"

"ஏழு பேர். அதுல ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க."

இவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்றாள் தம்பி மனைவி.

இவள் உள்ளே போய்த் தாளும் பென்சிலும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கட்சிக்கு ஒரு கடிதம். நான் சொல்றதை மட்டும் எழுதுங்க."

"எந்தக் கட்சிக்கு?"

"நம்ம கட்சிக்குத்தான். வேற எங்க போறது?"

எழுதினேன். அம்மா வேலை பார்க்கும் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். என் அம்மா பத்து மணி நேரம் நின்றாள். அவளுடைய இடது கால்...

அங்கே நிறுத்திவிட்டாள். வாளியில் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அந்த இடத்தில் போட எனக்கு ஆயிரம் வாக்கியம் தெரியும்.

பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.