வடிகட்டிய தண்ணீரின் வெளிச்சம்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் முசுடு என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் சளைக்காமல் திரும்பிப் பார்ப்பாள்.

கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களுக்குள் ஒளிரும் சாயத்தை அடைத்து, புற்றுநோய்ச் செல்களுக்குள் அனுப்புவது அவள் வேலை. நீல ஒளி பட்டால் துகள் பச்சையாக மின்னும். நோய்ச் செல் மட்டும் மின்னினால், எதை வெட்டுவது, எதை விடுவது என்று அறுவை மருத்துவர் திண்டாட வேண்டாம். பேராசிரியர் எடுத்த படம் ஒன்றில் செல்கள் பச்சைப் பசேலென்று ஜொலித்தன. அதில் மயங்கிப்போன மருத்துவமனைக்காரர்கள் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அவளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கரைசலை மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டாள். துகள்கள் மேலேயே தங்கிவிட்டன. கீழே இறங்கிய தண்ணீரை நோயில்லாத செல்கள்மேல் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். அவையும் பச்சையாக மின்னின. துகளிலிருந்து கசிந்த சாயம் கண்ட கண்ட செல்லிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதை நம்பிக் கத்தி வைத்தால் நல்ல சதையும் போகும்.

பேராசிரியரிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி பண்ணிக்கலாம்மா. முதல்ல அவங்க வந்துட்டுப் போகட்டும்."

"நம்பிட்டுப் போயிடுவாங்களே சார்."

"நாளைக்கு நீ லீவு எடுத்துக்க."

வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "லீவு குடுத்தா வேணாம்னு சொல்ற ஒரே ஆளு நீதான்டி. உன் மண்டையில என்ன, வைக்கோலா?"

"வைக்கோலா இருந்தா லீவு எடுத்திருப்பேன்க்கா."

மறுநாள் அவள் போனாள். பேராசிரியர் படத்தைத் திரையில் காட்டி, மருத்துவமனையிலிருந்து வந்திருந்த அறுவை மருத்துவர் அம்மாளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். முசுடு தன் செல்கள் இருந்த தட்டை நுண்ணோக்கியில் பொருத்தினாள்.

"மேடம், இது நோயில்லாத செல். துகளே போடல, வடிகட்டின தண்ணிதான். ஒரு தடவை பாருங்க."

மருத்துவர் குனிந்து பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "நல்ல வேளை," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் பேராசிரியர் வெடித்தார். "மானத்த வாங்கிட்டியே. நீ பண்ண சோதனை தப்புன்னு அவங்களுக்கு எழுதிக் குடு."

"மாட்டேன் சார்."

"அப்ப உனக்கு இங்க இடம் இல்ல."

"அதை எழுத்துல குடுங்க. ஏன்னு காரணமும் சேர்த்துப் போட்டுடுங்க."

அவர் எழுதவில்லை. நுண்ணோக்கி அறைச் சாவியை மட்டும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள் அவளோடு டீ குடிக்கப் பயந்தார்கள். அவள் தனியாகக் குடித்தாள். துகள்களைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். கசிந்த சாயமெல்லாம் வெளியேறி, நீல விளக்கின் கீழே தண்ணீர் துளியும் மின்னாத நாள் வந்தபோது, மருத்துவரைத் தானே போனில் அழைத்தாள். எங்கள் நுண்ணோக்கியில் பார்க்கலாம், கொண்டு வாருங்கள் என்றார் அவர்.

பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"துகளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறேன் சார். ஒளிச்சு மறைச்சு இல்ல, சொல்லிட்டுத்தான் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

அவர் முறைத்தார். வாசல்வரை அவள் தனியாகத்தான் நடந்தாள். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது.

மருத்துவமனை நுண்ணோக்கியில் நல்ல செல்கள் இருண்டு கிடந்தன. நோய்ச் செல்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள்.

"ரொம்ப மங்கலா இருக்கே," என்றார் பேராசிரியர்.

"மங்கல்தான் சார். ஆனா இது துகள், கசிஞ்ச சாயம் இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.