ஈய வில்லையும் நாரை பூட்ஸும்

எம்மோட்டாவுக்கு அந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அவள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து, அவள் வடித்த பார்லிக் கள்ளையே குடித்துவிட்டு, அவள் மானத்தையே கப்பலேற்றிக்கொண்டிருந்தான் கவிராயன் ஐவோ.

போன வசந்தத்தில் காண்டர்பரிக்கு யாத்திரை போன கூட்டத்தில் இருவரும் இருந்தார்கள். நடக்கிற அலுப்புத் தெரியாமலிருக்க ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஐவோ எல்லாவற்றையும் புத்தகமாகக் கட்டிவிட்டான். அதுவும் லத்தீனில் அல்ல, வண்டிக்காரனுக்கும் புரிகிற இங்கிலீஷில், எதுகை மோனையோடு. வினையே அதுதான். அவள் சொன்னது, கள்ளில் ஆற்றுத் தண்ணீர் கலக்கிற ஒருத்தியின் கதை. அந்த ஒருத்திக்கு இவள் ஊரையும் சேர்த்து 'டார்ட்ஃபர்ட் எம்மோட்டா' என்று பெயர் வைத்திருந்தான், பாவி!

அதை அவன் உரக்க வாசித்து முடித்ததும் கடையே குலுங்கிச் சிரித்தது. ஹாமோ மட்டும் சிரிக்கவில்லை. ஊரில் வடிக்கிற கள்ளையெல்லாம் ருசி பார்த்து உத்தரவு கொடுப்பவர் அவர்.

"ஏம்மா எம்மோட்டா, நாளைக்குக் காலையில உன் வாசல் கோலைப் பிடுங்கிடுவேன்."

தழை கட்டிய அந்தக் கோல் இல்லாமல் யாரும் கள் விற்க முடியாது. விதவைக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

"ஐயோ, அது பக்கத்து ஊரு கிரேவ்ஸெண்டுக்காரி கதைங்க! சிரிப்பு வரட்டுமேன்னு 'நான் கலந்தேன், நான் கலந்தேன்'னு நடிச்சுச் சொன்னேன்."

"காதால கேட்டதைத்தான் எழுதினேன்," என்றான் ஐவோ, கல்லறைவரை போன யாத்ரீகர்களுக்கு மட்டுமே கிடைக்கிற, தொப்பியில் குத்தியிருந்த ஈய வில்லையைத் தடவியபடி. "காண்டர்பரி புனிதரோட கல்லறையைத் தொட்ட கை இது. பொய் எழுதுமா?"

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. உண்மையைச் சொன்னால் தன் தலைக்கும் ஆபத்து என்று எம்மோட்டாவுக்குத் தெரியும். ஆத்திரம் கேட்டால்தானே?

"கல்லறையைத் தொட்டியா? யோவ், கால் கொப்புளம்னு பாதி வழி சத்திரத்துலேயே படுத்துக் கிடந்தவன்தானே நீ! திரும்பி வர்றப்போ என்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கின வில்லைதானே அது?" பாவாடையைத் தூக்கி, காலைப் பெஞ்சின் மேல் வைத்தாள். "பாருங்க! அதுக்குப் பதிலா இவன் கழட்டிக் கொடுத்த பூட்ஸு. இவன் எசமான் வீட்டு முத்திரை!"

தோலில் ஒரு நாரை பதிந்திருந்தது. ஐவோவின் சட்டைக் கையிலும் அதே நாரை. அவன் முகம் வெளிறிப்போயிற்று.

ஹாமோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "புனிதர் பேருலேயே புளுகுறவன், உன்னை மட்டும் விட்டுவைப்பானா? கோல் இருக்கட்டும்மா."

எம்மோட்டாவுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

"அப்போ," என்று இழுத்தாள் ரொட்டி சுடும் ஆவிஸ், "புனிதரோட வில்லையைச் செருப்புக்குக் கொடுத்துட்டியாடி?"

எம்மோட்டா காலைப் பெஞ்சிலிருந்து இறக்கிக்கொண்டாள். ஆவிஸ் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "உன் கையால ஊத்தினதை இனி தொடுவேனா? தூ!" அடுத்து வண்டிக்காரன் எழுந்தான். ஹாமோவும் அரைக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

வாசலில் கோல் நின்றது. உள்ளே அவளையும் ஐவோவையும் தவிர யாருமில்லை. அவன் பையிலிருந்து இறகையும் மைக்கூட்டையும் எடுத்தான்.

"காலைத் தூக்கி வச்சியே," என்று கேட்டான், "வலது காலா, இடது காலா?"