தடித்த நரம்பு

இருட்டில் சும்மா இருந்தால் போதும். அதைத்தானே கேட்கிறேன்.

எண்ணூர் லேபில் கிறிஸ்டினா தினமும் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தது கறுப்புப் பெட்டிக்குள் இருந்த படலத்திடம். கரிமப் பொருளை மையாகக் கரைத்துக் கண்ணாடியில் பூசிய படலம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பட்டால்தான் அது மின்சாரம் தர வேண்டும். ஒளியே இல்லாதபோதும் கொஞ்சம் கசிந்தது. அந்தக் கசிவு படத்தில் பொரிபொரியாக விழ, குழந்தைகளின் நூல் போன்ற நரம்பெல்லாம் அதில் காணாமல் போயிற்று. எண்ணூர்க் காற்றின் ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். அவளும் இப்போதெல்லாம் அப்படித்தான். விளக்கை அணைத்துப் படுத்தாலும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

குழந்தைகளுக்கு ஊசி போட நரம்பு தேடித் தரும் கேமராவுக்கான படலம் அது. போன வாரம் அந்தக் கேமராவை ராயபுரம் வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவின் கையில் வைத்துப் பார்த்தாள். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து தடிக்க வைத்த நரம்பு, திரையில் கயிறு மாதிரி விழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்த முதலாளி சாவியோ, குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் கேமராவைப் பார்க்க லேபுக்கு வரும் இன்று அம்மாவை அழைத்துப்போகக் காரோடு வந்துவிட்டான்.

"அஞ்சு நிமிஷம் கைய நீட்டுனா போதும் ஆன்ட்டி."

"வாரத்துக்கு மூணு தபா நீட்டிகினுதான கீறேன்," என்றாள் அம்மா ஹில்டா. நல்ல புடவை, முகத்தில் பவுடர். "என் கைய படம் புடிக்க காரு வந்துகீது பாரு. இவ அப்பன் கல்யாணத்துக்கே ரிக்‌ஷாதான் வெச்சான்."

சாவியோ சிரித்தான். கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், இந்த நரம்பு வெறுங்கண்ணுக்கே தெரியுது."

"கைய அவங்க பாக்காம துணி கட்டி மறைச்சுக்கலாம். அவங்க ஸ்க்ரீனத்தான் பாப்பாங்க."

"அவங்க ஊசி போடறது கைக்குழந்தைங்களுக்கு சார். அந்த நரம்பு இதுல விழாது."

"அத அப்புறம் சரி பண்ணிக்கலாம். இன்னைக்கு ஆர்டர் விழலன்னா லேபே இருக்காது. உன் வேலையும் போச்சு."

வேலை போனால் அம்மாவின் மருந்துக்கு என்ன வழி என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுப்பதைவிடத் தலையாட்டுவது சுலபம். அதற்குத் தெம்புகூட வேண்டாம். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் நரம்பு தேடிக் குத்திக் குத்தி எடுத்தபோது, அம்மா சத்தமே போடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்காது. கேமரா தப்பாகக் காட்டினாலும் அந்த இடத்தில்தானே குத்துவார்கள்.

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். விரலுக்கடியில் ரத்தம் விர்ரென்று அதிர்ந்தது. நேற்றைய பிளாஸ்திரி இன்னும் உரிக்காமல் இருந்தது.

"கெளம்பலாமா?" என்றான் சாவியோ, கார் சாவியை எடுத்தபடி.

"அம்மா வரல சார்."

"இன்னாடி இது, பவுடர்லாம் போட்டுகினேன்..."

கிறிஸ்டினா அம்மாவின் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டாள்.