கூடப் பிறந்தவள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளுக்கு அந்த வாய் தாராளமாகவே இருந்தது. தையல்காரியோடு வாடகை வீட்டில் குடித்தனம் தொடங்கிய அன்றே, "கூடப் பிறந்த அக்கா" என்று வீட்டுக்காரரிடம் ஒரே போடாகப் போட்டாள். ஜாடையே இல்லையே என்றார் அவர். "அவ அப்பா மாதிரி, நான் அம்மா மாதிரி" என்றாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லையாம். இவர்களிடம் ஒன்று இருந்தது. ஒரே கட்டிலில் படுத்தெழுந்தவர்கள், வாசலைத் தாண்டினால் அக்கா தங்கச்சி.

தையல்காரி நேர் எதிர். ஊசியை உதட்டில் கவ்விக் கவ்விப் பேச்சே மறந்துபோனவள். அவள் மாரில் இருந்த கட்டி முதலில் அகப்பட்டது வேன்காரியின் கைக்குத்தான். மறுநாளே தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரியுது. உங்க அம்மாவுக்கு இப்படி ஏதாவது வந்திருக்கா?"

"எங்கம்மாவுக்கா? கல்லு மாதிரி இருக்காங்க டாக்டர்" என்று வேன்காரி முந்திக்கொண்டாள்.

அது அவளுடைய அம்மா. தையல்காரியின் அம்மா செத்ததே மாரில் வந்த புற்றுநோயால்தான். அது வேன்காரிக்கும் தெரியும். ஆனால் யார் கேட்டாலும் ஒரே அம்மாவைச் சொல்லிப் பழகிய நாக்கு. தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் வீட்டுக்காரரின் மருமகள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அப்ப ஸ்கேன் வேண்டாம். பெருசானா வாங்க" என்றார் டாக்டர்.

வேனில் ஏறியதும் வேன்காரி சாவியைப் போடாமல் திரும்பிப் பார்த்தாள். "திரும்பப் போய்ச் சொல்லிடலாமா?"

"என்னன்னு சொல்லுவ? வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது? கொழுப்புன்னுதானே சொன்னாரு. வண்டிய எடு."

பெரிதானபோது அது எலும்பு வரைக்கும் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒளிக்கவில்லை. "இனிமே வலி தெரியாம பார்த்துக்கலாம், அவ்வளவுதான்." பிறகு வேன்காரியின் தோளைத் தொட்டு, "நீங்க கூடப் பிறந்தவங்க. உங்களுக்கும் வரலாம். இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார். அந்தக் கரிசனத்துக்கு முன்னால், ஊரையே விற்றுவிடும் வாய் "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னது. சட்டையைக் கழற்றிவிட்டு மெஷின் முன்னால் போய் நின்றாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் வார்டுக்கு வந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்."

"எப்படி இருக்கும்? உங்கம்மாதான் கல்லு மாதிரி இருக்காங்களே" என்றாள் தையல்காரி. சிரிக்கப் பார்த்தாள், வலி விடவில்லை.

வேன்காரி அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். என்ன அழுது என்ன, போகிறவள் போகத்தான் போகிறாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "உங்களுக்கு அவங்க என்ன வேணும்மா?"

"அக்கா" என்றாள் வேன்காரி. "கூடப் பிறந்த அக்கா."