சுவருக்கு அந்தப் பக்கம் ஊறிய பால்

எங்கள் வீட்டு மருமகள் தின்ற பூண்டெல்லாம் பக்கத்து வீட்டுத் தையற்காரியின் மார்பில் பாலாக ஊறியது. தையற்காரிக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. கணவன் போய்ப் பல வருடம். ஒரே மகளும் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். பிள்ளை பெற்று ஆறு நாளாகியும் எங்கள் மருமகளுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. சத்தாகக் கொடுங்கள், குழந்தையை அடிக்கடி மார்பில் போடுங்கள், தானாக வரும் என்றாள் நர்ஸ். மகன் கப்பல் வேலையில் இருந்தான்; மாமியார் இல்லாத வீடு. ஆகவே மாமனாரான பெரியவரே அடுப்படியில் இறங்கினார். முப்பது வருடம் நில அளவையாளராக இருந்தவர். பூண்டுப் பல்லைக்கூட ஒரே அளவாகப் பொறுக்கித்தான் உரித்தார். காலையில் பூண்டு வேகவைத்த பால், பத்து மணிக்கு வெந்தயக் கஞ்சி, மத்தியானம் கீரையும் மீனும், சாயங்காலம் வறுத்த எள். மருமகள் மறுபேச்சில்லாமல் தின்றாள். கன்னம் உப்பியது, மார்பு காய்ந்தே கிடந்தது. புட்டிப்பாலைக் குழந்தை கக்கியது. அதன் அழுகை முதலில் தெருமுனைவரை கேட்டது, பிறகு வாசல்வரை, பிறகு கட்டிலைத் தாண்டவில்லை.

எட்டாம் நாள் சுவருக்கு மேலே தையற்காரியின் தலை தெரிந்தது.

"ஏம்மா, இன்னைக்கு மீனா? கொஞ்சம் கம்மியாச் சாப்பிடேன். எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு. காலையில இருந்து மூணு சட்டை மாத்திட்டேன். இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

மருமகள் உள்ளே வந்து சொன்னாள்: "மாமா, நான் சாப்பிடச் சாப்பிட அவங்களுக்கு ஊறுது. எனக்கு ஏப்பந்தான் வருது."

பெரியவர் சோதித்துப் பார்த்தார். ஒரு வேளைக் கஞ்சியை நிறுத்தினார். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் தடையில்லாமல் ஓடியது. மறுவேளை இரட்டிப்பாகக் கொடுத்தார். இயந்திரம் நின்று, 'ஐயோ' என்று சத்தம் கேட்டது.

அந்தச் சுவர் பெரியவர் தாமே அளந்து கட்டியது. அது ஒரு முழம் தன் நிலத்தில் ஏறியிருக்கிறது என்று தையற்காரி ஒரு நாள் நடுத்தெருவில் நின்று சொன்னாள். அளந்த கையைக் கள்ளக் கை என்று சொன்ன வீட்டின் பச்சைத்தண்ணீர்கூட எங்கள் பல்லில் படாது என்றார் பெரியவர். பதினோரு வருடம் படவில்லை.

குழந்தையைச் சுவருக்கு மேலே நீட்டுவதாக மருமகள் மூலம் சொல்லியனுப்பினார். தையற்காரி கையைக் கட்டிக்கொண்டாள். "திருட்டுச் சாமானா, சுவரேறி வாங்க? தெரு வழியா வரட்டும். அவரே தூக்கிட்டு வரட்டும்."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தார். குழந்தை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்கப் பேரனைத் தூக்கி நடந்தார். வாசலில் அவளிடம் கொடுத்துவிட்டு வெயிலிலேயே நின்றார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. தண்ணீர் நீட்டினாள், தொடவில்லை.

"நாக்கு வறண்டு விழுந்தாலும் உங்களுக்கு முதுகு வளையாது" என்றாள் தையற்காரி, குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டே.

பத்து மாதம், நாளுக்கு ஆறு தடவை இப்படி நடந்தது. மருமகள் ஒரு நாளும் உடன் போகவில்லை. அவள் எழுந்தால் தின்பது நிற்கும். தின்பது நின்றால் அங்கே பால் நிற்கும். அந்தப் பக்கம் குழந்தை குடிக்கிற சத்தம் கேட்கக் கேட்க, இந்தப் பக்கம் மென்றுகொண்டே சுவரைப் பார்ப்பாள். அதைத் தவிர அவளால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

தெருவில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். அந்த வீட்டிலிருந்து நாங்கள் எதையும் வாங்கவில்லை என்பதே உண்மை. பூண்டு எங்களுடையது, வெந்தயம் எங்களுடையது, மீன் எங்களுடையது. எங்கள் பொருள் எங்கள் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் பால்குடி மறந்த பிறகு இரு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சு இல்லை. தையற்காரிக்கு இருமல் வந்தால் எங்கள் மருமகள் நான்கு மிளகை வாயில் போட்டு மெல்லுவாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் இருமல் நின்றுவிடும்.